கோல்கீப்பரின் குதிகால்

ஏழாம் நம்பர்காரியின் மூக்குத்தண்டில் ஒரு சிவப்புத் தடம் இருந்தது. இரண்டு கன்னங்களிலும் பிறை வடிவில் இன்னும் இரண்டு. சல்லடை அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய உதவியாளன் கொசு, ஏழாம் நம்பர்காரி சொன்ன பதில்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். வேலையை அவர்கள் அப்படித்தான் பிரித்துக்கொள்வார்கள். பொய்யைக் காதால் கேட்பது அவன் பொறுப்பு. உண்மையைக் கண்ணால் பார்ப்பது அவள் பொறுப்பு.

"பெனால்ட்டி அடிக்கிறதுல ரகசியம் ஒண்ணும் கிடையாது சார்," என்றாள் ஏழாம் நம்பர்காரி, ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டே. "கீப்பர் எந்தப் பக்கம் பாயுறாளோ அதுக்கு எதிர்ப்பக்கம் அடிக்கணும். அவ்வளவுதான்."

"எந்தப் பக்கம் பாய்வாங்கன்னு முன்னாடியே எப்படித் தெரியும்?"

"தோணும்."

"எனக்கும் ஒண்ணு தோணுது. நீங்க கதை விடுறீங்கன்னு."

அவள் சிரித்துவிட்டு மைதானத்துக்குக் கிளம்பினாள். சல்லடை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கண்ணாடி போடுற பழக்கம் உண்டாம்மா?"

"எனக்கா? அந்தக் கோடியில நிக்கிற கார் நம்பரை இங்கிருந்தே படிப்பேன்."

"சந்தோஷம். நீ போய் விளையாடு."

சல்லடைக்கு ஐம்பது வயது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடம் உட்கார்ந்து, நிஜமாகவே எரிந்த கடைகளையும் எரிக்கப்பட்ட கடைகளையும் சலித்துப் பிரித்தவள். பட்டப்பெயர் அங்கே வந்தது. பிறகு வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறிய ஆரம்பித்தாள். கொசுவுக்கு முப்பத்துநான்கு. யார் காதோரமாவது ஓயாமல் ரீங்காரம் போட்டுக்கொண்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அவன் அம்மாவே அப்படித்தான் கூப்பிடுகிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கு இதுதான். நகரத்துப் பெண்கள் கால்பந்து அணியின் கோல்கீப்பர் போன வருடம் ஆறு பெனால்ட்டிகளில் நான்கைத் தடுத்தவள். இந்த வருடம் கடைசி மூன்று ஆட்டங்களில் ஐந்து பெனால்ட்டி. ஐந்தும் உள்ளே. அவள் இடப்பக்கம் பாய்ந்தால் பந்து வலப்பக்கம் போனது. வலப்பக்கம் பாய்ந்தால் இடப்பக்கம். மூன்று வேறு வேறு அணிகள், ஆனால் எல்லாருக்கும் அவள் மனது மனப்பாடம்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம். எதிரணியில் பெனால்ட்டி அடிப்பவள் இந்த ஏழாம் நம்பர்காரி. அந்த எதிரணியின் பிசியோதெரபிஸ்ட் வேறு யாருமில்லை, கோல்கீப்பரின் சொந்தக் கணவன்.

திங்கட்கிழமை காலை அவள் கணவனுடைய பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்துவிட்டாள். அன்று மாலையே சல்லடையின் அலுவலகத்துக்கு வந்தாள்.

"அவர்தான் காட்டிக் குடுக்குறார் மேடம். வேற யாருக்கு என்னைப் பத்தி இவ்வளவு தெரியும்? ஞாயித்துக்கிழமைக்குள்ள அவர் வாயாலயே ஒத்துக்க வைங்க."

பிசியோ இப்போது அவனுடைய அக்கா வீட்டில், தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே பாய் விரித்துப் படுத்திருந்தான். இன்று வியாழக்கிழமை.

எதிரணியின் மைதானத்தை விட்டு வெளியே வந்ததும் கொசு ஆரம்பித்தான். "அக்கா, இதுல துப்பறிய என்ன இருக்கு? புருஷன் எதிரி டீம். பொண்டாட்டி கீப்பர். வீட்டுக்குள்ளயே ஒற்றன். நேரா அந்த அக்கா வீட்டுக்குப் போய் மனுஷனைப் பிடிச்சு உலுக்குவோம், வாங்க."

"அவ மூஞ்சியைப் பார்த்தியா?"

"பார்த்தேன். லட்சணமா இருந்தா."

"கண்ணாடி போடாதவ மூக்கு மேல தடம் ஏன் வருது?"

கொசு யோசித்தான். அவன் யோசிப்பது வெளியில் தெரியும், உதடு தானாக அசையும். "நீச்சல் கண்ணாடி?"

"அது கண்ணைச் சுத்தி இருக்கும். கன்னம் வரைக்கும் இறங்காது. பின்னந்தலையில முடி பட்டையா அமுங்கியிருந்துச்சு, அதுவும் காய்ஞ்ச முடி. கண்ணு ரெண்டையும் மூடுற மாதிரி, கனமா எதையோ கட்டிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னிருக்கா."

"கண்ணைக் கட்டிக்கிட்டா? கண்ணாமூச்சியா விளையாடுறா?"

"விளையாடுறா. ஆனா வீடியோ கேம்."

சாலைக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு கால்பந்து வீடியோ கேமின் பெரிய விளம்பரம் இருந்தது. கண்ணில் ஹெட்செட் மாட்டிய ஒருவன் வாயைப் பிளந்து நின்றான். அவனுக்குப் பின்னால், இரண்டு கைகளையும் விரித்து, முறைத்துக்கொண்டிருந்தது அவர்களுடைய கட்சிக்காரியான கோல்கீப்பரின் முகம். அடியில், 'இனி நீங்கள் பார்ப்பதில்லை. இருக்கிறீர்கள்' என்று எழுதியிருந்தது.

"இதுக்கு என்னக்கா அர்த்தம்?" என்றான் கொசு.

"எழுதினவனுக்கே தெரியாது. வா, போய்க் கேப்போம்."

*

அந்த வீடியோ கேமைச் செய்யும் நிறுவனம் ஒரு பழைய கிடங்குக்குள் இருந்தது. உள்ளே பச்சைத் தரை. நடுவில் வலை இல்லாத ஒரு கோல் கம்பம். கூரை முழுக்க வட்டமாகக் கேமராக்கள், எல்லாம் கீழே பார்த்தபடி. கொசு தன்னையறியாமல் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான்.

விளம்பர மேனேஜர் ஓடிவந்து வரவேற்றார். துப்பறிய வந்திருக்கிறார்கள் என்று தெரிந்தும் அவரால் விளம்பரத்தை நிறுத்த முடியவில்லை.

"எங்க கேம்ல புல்லு மிதிச்சா மடங்கும் மேடம். மழை பெஞ்சா ஜெர்சி உடம்போட ஒட்டும். எழுபதாவது நிமிஷத்துக்கு மேல ஆட்டக்காரிக்கு மூச்சு வாங்கும். வியர்வைகூட ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா செஞ்சிருக்கோம்!"

"எனக்கெல்லாம் பொதுவான வியர்வைதான் வருது," என்றான் கொசு.

"இது விளையாட்டே இல்ல சார். நிஜம்!"

"நிஜம் வெளியிலேயே கிடைக்குதே. அதுக்கு எதுக்கு சார் கண்ணைக் கட்டணும்?"

மேனேஜருக்குப் பக்கத்தில் நின்ற பெண் களுக்கென்று சிரித்து, உடனே இருமலாக மாற்றிக்கொண்டாள். அவள்தான் அனிமேஷன் பிரிவின் தலைவி. காட்டன் சட்டை, தூக்கம் குறைந்த கண்கள், கழுத்தில் இரண்டு அடையாள அட்டைகள்.

"என் ஆளு விளையாடிப் பார்க்கலாமா?" என்றாள் சல்லடை. "பெனால்ட்டி மட்டும். கோல்ல இவங்க நிக்கணும்." மேனேஜர் வைத்திருந்த விளம்பரப் புத்தகத்தில் கட்சிக்காரியின் முகத்தைத் தொட்டுக் காட்டினாள்.

கொசுவுக்கு ஹெட்செட்டை மாட்டினார்கள். அவன் பார்ப்பதை மற்றவர்களுக்குக் காட்ட எதிரே ஒரு திரை இருந்தது. மார்பில் ஒரு தடித்த அங்கி. கால்களில் சென்சார் பட்டைகள். அடுத்த நொடி அவன் கத்தினான்.

"அக்கா! ஐம்பதாயிரம் பேர் இருக்காங்க! மூணாவது வரிசையில ஒருத்தன் மூக்கை நோண்டுறான்!"

"பந்தை அடி."

அடித்தான். திரையில் கோல்கீப்பர் சிறுத்தைபோலப் பாய்ந்து பிடித்தாள். அங்கி அதிர்ந்து கொசுவின் நெஞ்சில் ஒரு குத்து விட்டது. இரண்டாவதும் அதே கதி. மூன்றாவதில் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

"தோத்தா உள்ளுக்குள்ள சுருக்குன்னு இருக்குமே, அதைக்கூட மிஷின்ல செஞ்சு வச்சிருக்காங்கக்கா. இதை எங்க வீட்டுலயே இலவசமா குடுப்பாங்க."

சல்லடை திரையை நெருங்கினாள். மேனேஜரின் கையிலிருந்த பளபளப்பான விளம்பரப் புத்தகத்தைப் பிடுங்கி விரித்து, திரையின் மேல்பாதியை அதனால் மறைத்தாள்.

"மேடம், முகத்தை மறைக்கிறீங்களே! முகத்துக்குத்தான் நாங்க அத்தனை மாசம் உழைச்சோம்!"

"அதனாலதான் எல்லாரும் முகத்தைப் பார்க்குறாங்க. நான் காலைப் பார்க்குறேன்."

மறைக்காத பாதியில் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. நான்காவது பந்து. ஐந்தாவது. ஆறாவது. சல்லடை மெதுவாகத் தலையாட்டினாள்.

"கொசு, அவசரப்படாதே. ஓடி வா, நான் எந்தப் பக்கம்னு கத்துறேன். அங்கே அடி."

"என் காலுக்கு உங்க பேச்சைக் கேட்டுப் பழக்கம்தான்."

அடுத்த ஐந்தும் உள்ளே போயின. ஐந்தாவது கோலுக்குக் கொசு முழங்காலில் சறுக்கிக் கொண்டாட, நிஜத்தில் அங்கிருந்த ஒரு மேசையில் போய் இடித்துக்கொண்டான்.

"இடது குதிகால்," என்றாள் சல்லடை. "அந்தப் பக்கம் பாயுறதுக்கு முன்னாடி இடது குதிகால் லேசா தூக்குது. ஒரு விரல் உயரம்தான். தூக்கினா இடப்பக்கம். தூக்கலைன்னா வலப்பக்கம். இந்த கேமை ஒரு வாரம் விளையாடினா போதும், எவளுக்கும் பிடிபட்டுடும். மூணு டீமும் இங்கேதான் பாடம் படிச்சிருக்கு."

விளம்பர மேனேஜரின் முகம் முதலில் வெளுத்தது. பிறகு ஏதோ தோன்றி மலர்ந்தது. "அப்படின்னா, அவங்களுக்கே தெரியாத பழக்கத்தைக்கூட நாங்க பிடிச்சிருக்கோம்! இதை விளம்பரத்துல போடலாமா?"

"போடுங்க," என்றான் கொசு, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. "பக்கத்துலயே உங்க படத்தையும் போடுங்க. யாரை அடிக்கணும்னு அவங்களுக்குத் தெரியணும்ல."

*

சல்லடை கூப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் கோல்கீப்பர் வந்து சேர்ந்தாள். பயிற்சியிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்காலில் மண், முடியில் ஈரம். திரையில் தன் கால்களைப் பார்த்தாள். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் முறை பார்த்துவிட்டு அந்தப் பச்சைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப அவர் ஒண்ணும் சொல்லல."

 கொசு ஒரு தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து அவள் பக்கத்தில் வைத்தான்.

"ரெண்டு மாசம் முன்னாடி சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது என் காலையே பார்த்தார். 'உன் இடது குதிகால் வேற யாரோட குதிகாலோ மாதிரி இருக்கு, வலிக்குதா'ன்னு கேட்டார். அவங்க டீமுக்காக என்னை அளவெடுக்குறார்னு நினைச்சேன் மேடம். அன்னையிலிருந்து அவர் முன்னாடி சாக்ஸைக்கூடக் கழட்டல."

சல்லடை அவளுக்கு எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்த கேமுக்காக உங்களை எவ்வளவு நேரம் படம் எடுத்தாங்க?"

"இருபது நிமிஷம். நாற்காலியில உக்கார வச்சு, சிரிங்க, முறைங்க, கத்துங்கன்னாங்க."

"பாயச் சொன்னாங்களா?"

"இல்ல."

"உங்க காலைப் படம் எடுத்தாங்களா?"

"இல்லையே. ஷூவைக்கூட..." கோல்கீப்பர் நிறுத்தினாள்.

எல்லாரும் அனிமேஷன் தலைவியைப் பார்த்தார்கள். விளம்பர மேனேஜர் கூரையிலிருந்த கேமராக்களை எண்ண ஆரம்பித்தார்.

"முகம் மட்டும்தான் இவங்களோடது," என்றாள் தலைவி. "இவங்க சீசன் நடுவுல இருந்தாங்க. நாள் கிடைக்கல. உடம்பு வேற ஆளோடது."

"அதை நாம வெளியே சொல்றதில்ல," என்றார் மேனேஜர் கூரையைப் பார்த்தபடியே.

"அந்த உடம்பைக் கூப்பிடுங்க," என்றாள் சல்லடை.

உடம்பு பக்கத்து அறையிலிருந்து வந்தது. நாற்பத்தைந்து வயது, அடர்ந்த மீசை. மேலிருந்து கீழே இறுக்கமான கறுப்பு உடை, அதில் அங்கங்கே வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருந்தன. ஸ்டன்ட்காரர். கோல்கீப்பரைப் பார்த்ததும் இரண்டு கையும் கூப்பினார்.

"தங்கச்சி! நான்தான் நீங்க!"

கோல்கீப்பர் அவருடைய மீசையை வெகுநேரம் பார்த்தாள்.

"இந்த ஒட்டுற உருண்டைங்களைத்தான் மேல இருக்கிற கேமரா பார்க்கும்," என்று அவர் உற்சாகமாக விளக்கினார். "நான் எப்படி அசைஞ்சாலும் அப்படியே பதிஞ்சுடும். ஒரு மயிரிழை தப்பாது. உங்களுக்காக நானூறு தடவை பாய்ஞ்சேன். மறுநாள் எந்திரிக்கவே முடியல."

"உங்க இடது குதிகாலுக்கு என்ன ஆச்சு?" என்றாள் சல்லடை.

அவர் வெட்கப்பட்டார். "அதுவும் பதிஞ்சிருச்சா? போன வருஷம் ஒரு ஏணியிலிருந்து விழுந்துட்டேன். ஷூட்டிங்ல இல்ல, வீட்டுல பல்பு மாத்தும்போது. அதிலிருந்து இடப்பக்கம் பாயணும்னா முதல்ல குதிகாலைத் தூக்கி, வலிக்குதான்னு ஒரு தரம் பார்த்துக்குவேன். தானா வந்துடுது."

கோல்கீப்பர் துள்ளி எழுந்தாள். "அப்ப அது என் பழக்கமே இல்ல!"

"இல்ல."

"அப்புறம் எனக்கு எப்படி அஞ்சு கோல் விழுந்துச்சு? அந்தப் பொம்மைதானே குதிகாலைத் தூக்குது? நான் தூக்கலையே!" அவள் முகம் மறுபடி கறுத்தது. "மேடம், அப்ப அவர்தான்..."

"பாவம் மனுஷன்," என்றான் கொசு. "ரெண்டே நிமிஷம் நிரபராதியா இருந்தார்."

சல்லடை தன் போனை எடுத்து நீட்டினாள். "போன வருஷம் நீங்க தடுத்த நாலு பெனால்ட்டி. காலை மட்டும் பாருங்க."

திரையில் இரண்டு குதிகால்களும் தரையோடு ஒட்டியிருந்தன.

"இது போன மாசம்."

இடது குதிகால் ஒரு விரல் உயரம் எழுந்தது.

ஸ்டன்ட்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நான்!" என்றார்.

"நீங்க இல்லண்ணே, அவங்க," என்றாள் சல்லடை. "கேம் வெளியாகி நாலு மாசம் ஆச்சு. அதுக்குள்ள இவங்க கால் உங்க கால் ஆயிடுச்சு. எப்படின்னு இவங்கதான் சொல்லணும். ஏம்மா, இந்த கேமை நீங்களும் விளையாடினீங்கதானே?"

கோல்கீப்பர் கையுறையின் பட்டையைப் பிய்த்துப் பிய்த்து ஒட்டினாள். "வெளியான அன்னைக்கே ஒரு செட் வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. ஹெட்செட், அங்கி, எல்லாம். அதுல ஒரு பயிற்சி இருக்கு மேடம். நமக்கு முன்னாடி ஒரு நிழல் பாயும். அது பாயுற மாதிரியே நாமும் பாயணும். ஒத்துப்போனா அங்கி ஜில்லுன்னு ஒரு அதிர்வு குடுக்கும், முதுகுல தட்டிக் குடுக்கிற மாதிரி. கடைசியில மார்க் வரும்."

"நீங்க யாரோட நிழலை எடுத்தீங்க?"

"என்னோடதைத்தான்." அவள் குரல் இறங்கியது. "நூத்துக்கு அறுபத்தொண்ணு வந்துச்சு."

கொசு வாயில் கையை வைத்து அழுத்திக்கொண்டான். அப்படியும் தோள் குலுங்கியது.

"சிரிங்க சார். நான் நானா இருக்கிறதுல எனக்கே அறுபத்தொண்ணுதான். இவ்வளவு கேமரா, இவ்வளவு கம்ப்யூட்டர், அது தப்பா சொல்லுமான்னு நினைச்சேன். நான்தான் மோசமாயிட்டேன்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லல, அவர்கிட்டகூடச் சொல்லல. காலையில ரெண்டு மணி நேரம், மத்தியானம் ரெண்டு மணி நேரம், நாலு மாசம். போன வாரம்தான் தொண்ணூத்தெட்டு வந்துச்சு."

"வாழ்த்துக்கள்," என்றாள் சல்லடை. "ஏணியிலிருந்து விழுந்த மனுஷன் மாதிரி பாய்றதுல நீங்க தொண்ணூத்தெட்டு."

ஸ்டன்ட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "மன்னிச்சுடுங்க தங்கச்சி. நான் அந்த பல்பை மாத்தாமலே இருந்திருக்கலாம்."

அவர் சொன்ன விதத்தில் கோல்கீப்பருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிப்பதற்குள் அழுகையும் வந்தது. இரண்டையும் கையுறையால் துடைத்துக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டபடி கோல் கம்பத்துக்குப் பின்னால் போனாள். கிடங்கில் எதிரொலி அதிகம். கொசுவுக்கு ஒட்டுக்கேட்கும் சிரமமே இல்லை.

"நான்தான். தப்பு பண்ணிட்டேன். வீட்டுக்கு வாங்க."

அந்தப் பக்கம் ஒரு தையல் மெஷின் ஓடி நின்றது. பிறகு பிசியோவின் குரல். "அழறியா?"

"ஆமா. இல்ல. கேளுங்க, என் குதிகால் விஷயம் என்னன்னா..."

"ஏய், சொல்லாதே! ஞாயித்துக்கிழமை ஃபைனல். நான் எதிரி டீம். எனக்கு எதுவும் தெரியக் கூடாது. வச்சிடுறேன்."

வைத்துவிட்டான். கோல்கீப்பர் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஆளு வாயிலிருந்துதான் நீங்க ரகசியத்தைக் கறக்கச் சொன்னீங்க," என்றாள் சல்லடை.

*

இரண்டு நாளில் ஒரு பழக்கத்தைக் கழற்றிப் போட முடியாது. வெள்ளி, சனி இரண்டு நாளும் கோல்கீப்பர் முயன்றாள். ஸ்டன்ட்காரர் தினமும் வந்து பந்து அடித்தார். இடப்பக்கம் பாய நினைத்தாலே குதிகால் அவளுக்கு முன்னால் எழுந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஸ்டேடியத்தில் சல்லடைக்கு ஒருபக்கம் கொசு, மறுபக்கம் ஸ்டன்ட்காரர். நகரத்து அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னணியில் இருந்தது. எல்லாம் முடியப்போகிற நேரத்தில், கடைசி நிமிடத்தில், நகரத்து அணிப் பெண் ஒருத்தியின் கையில் பந்து பட்டது. நடுவர் பெனால்ட்டி புள்ளியைக் காட்டினார்.

"போச்சு," என்றான் கொசு.

ஏழாம் நம்பர்காரி பந்தை வைத்தாள். அவள் மூக்கில் தடம் இன்னும் சிவப்பாக இருந்தது. இன்று காலைகூடப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். நான்கடி பின்னால் போனாள். அவள் கண் பந்தில் இல்லை. கோல்கீப்பரின் இடது காலில் இருந்தது.

ஓடி வந்தாள். குதிகால் எழவில்லை. சரி, வலப்பக்கம் பாய்வாள். ஆனால் வலப்பக்கமும் எந்த அசைவும் இல்லை. ஏழாம் நம்பர்காரி வேகத்தைக் குறைத்தாள். இன்னும் எதுவும் நடக்கவில்லை. கோல்கீப்பர் கோட்டின் நடுவில், இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவள் மாதிரி நின்றாள். ஹெட்செட்டுக்குள் இருந்த கீப்பர் ஒவ்வொரு முறையும் பாய்வாள். சும்மா நிற்க அவளுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

ஏழாம் நம்பர்காரியின் கால் குழம்பிப்போய்ப் பந்தைத் தொட்டது. பந்து மெதுவாக உருண்டு, நேராக வந்து, கோல்கீப்பரின் கைக்குள் குழந்தைபோலப் புகுந்தது.

"நான் அப்படி ஒரு தடவைகூட நின்னதில்ல," என்றார் ஸ்டன்ட்காரர் மெல்ல. "நானூறுலயும் இல்ல. இது முழுக்க அவங்கதான்."

கொசு சல்லடையின் தோளைத் தட்டினான். "அக்கா, எதிரி பெஞ்சைப் பாருங்க."

பெஞ்சில் எல்லாரும் தலையில் கை வைத்திருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த பிசியோ மட்டும் தன் இரண்டு கைகளின் மேலேயே உட்கார்ந்திருந்தான். உதடுகளை இறுக்கிக் கடித்திருந்தான். முகம் தக்காளிபோலச் சிவந்திருந்தது. அவனால் மூச்சு விட முடிகிறதா என்று சல்லடைக்கே கவலையாகிவிட்டது.

நடுவர் கடைசி விசிலை ஊதினார்.

பிசியோ கைகளை விடுவித்துக்கொண்டு எழுந்தான். மருந்துப் பெட்டியைப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு, மைதானத்தின் குறுக்கே, எதிர்க்கோடியில் நின்ற கோல்கீப்பரை நோக்கி ஓட ஆரம்பித்தான்.

"எங்கய்யா ஓடுற?" என்று கத்தினார் அவனுடைய பயிற்சியாளர்.

"வீட்டுக்கு சார்!" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமல்.